பெருக்கல் குறியின் இடப்பக்கம்

ஜாபர்,

இந்தக் கடிதத்தை எழுதி முடித்து உறையில் போடுவேன், ஒட்ட மாட்டேன். நீ படித்த பிறகு உன் மேலதிகாரி படிக்க வேண்டும், அவருக்கு மேலே இருப்பவர்களும் படிக்க வேண்டும். அதனால் உனக்கு அத்துப்படியான விஷயங்களைக்கூட வகுப்பில் சொல்வதுபோல் விளக்கிக்கொண்டு போவேன்; பொறுத்துக்கொள். ஆனால் முக்கியமானதைக் கடைசியில் வைத்து உன்னைக் காக்க வைக்க மாட்டேன். வருகிற திங்கட்கிழமை நீ ஒரு மக்காச்சோளச் செடிக்குக் கையெழுத்துப் போடப்போகிறாய். உன் கையெழுத்து விழுந்ததும் அது விதைப்பெருக்கத்துக்கு ஊர் ஊராகப் போகும். அதில் விளையும் விதை யார் யாரோ குடியானவர்களின் நிலத்துக்குப் போகும். அந்தச் செடியின் பூர்வீகத் தாய் என்று உன் பதிவேட்டில் எழுதியிருக்கும் பெயர் தவறு. அந்தத் தவறைச் செய்தவள் நான். நீ கையெழுத்துப் போடாதே.

இது எனக்குத் தெரிந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. இருபத்திரண்டு நாளும் நான் உன்னிடம் வாய் திறக்கவில்லை. உன் தங்கை நஸ்ரீனின் நிக்காஹ் நல்லபடியாக முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். நிக்காஹ் முடிந்தது. நீ ஊரில் இருக்கும் நான்கு நாட்களுக்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நான்கு நாளும் போனது. நீ ஐதராபாத்துக்குக் கிளம்பும்போது செங்கல்பட்டு ஸ்டேஷனில் உன் கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "தண்ணி வாங்கிக்க" என்று மட்டும் சொன்னேன். ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருப்பதற்கு ஒரே ஒரு நல்ல காரணம் கிடைத்தால் போதும். அது தீர்ந்ததும் அடுத்த காரணம் தானாக வந்து நிற்கும். வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளிடம் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என்னிடம் பார்த்தது இதுதான் முதல் முறை.

உன் அதிகாரிக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நீ இந்த வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாய்: "அம்மா, எங்க கம்பெனில இருக்கிற சோளமெல்லாம் ஒன்னுக்கொன்னு அத்தை மக, மாமன் மவன் தாம்மா. நாலஞ்சு குடும்பத்துக்குள்ளயே மாத்தி மாத்தி கட்டிகினு கீறாங்க." அப்படியே போனால் விளைச்சல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு நோய் வந்தால் ஒரே இரவில் எல்லார் வீட்டிலும் பிணம் விழும் என்றாய். பூத்து முடித்த செடி தண்டழுகிச் சாய்வதுதான் அப்போது உனக்குத் தலைவலியாக இருந்தது. அதைத் தாங்கும் குணம் உங்கள் குடும்பங்களில் யாரிடமும் இல்லை. கடைசியில் மெக்சிகோவில் வெயில் கொளுத்தும் ஒரு கடலோரப் பகுதியிலிருந்து, அங்கிருக்கும் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் சமையலுக்கென்று வைத்திருந்த ஒரு சோளத்தை விதை வங்கி மூலமாக வாங்கினாய். இரண்டு ஆள் உயரம் வளரும், காற்றில் சாயும், கதிர் சின்னது, அதுவும் நம் தலைக்கு மேலேதான் வரும், பூப்பதற்கு ஏகப்பட்ட நாள் எடுக்கும். ஆனால் தண்டு மட்டும் மூங்கில். உன் அலுவலகத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு நல்ல குணத்துக்காக ஒம்போது கெட்ட குணத்த வீட்டுக்குள்ள சேக்கணுமா?" என்று ஒருவர் கேட்டதாகச் சொன்னாய். சேர்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழிக்க ஐந்தாறு வருடம் ஆகும், அந்த ஐந்தாறு வருடம் யாருக்கும் பொறுமை இருக்காது என்றும் சொன்னாய். நீ பொறுமையாக இருந்தாய். உன் பொறுமையைத்தான் நான் இப்போது உடைக்கப் போகிறேன்.

குளிர்காலத்திலும் சூடு குறையாத இடம் வேண்டும் என்று திருக்கழுக்குன்றம் சாலையில் ஏழுமலையின் நிலத்தில் அரை ஏக்கர் எடுத்திருந்தாயே, அந்த வருடம்தான் ஊரடங்கு வந்தது. தையில் விதைத்த சோளம் பங்குனியில் பூக்கும் நேரம். நீ ஐதராபாத்தில் மாட்டிக்கொண்டாய், உன் ஆட்கள் அவரவர் ஊரில். பூ யாருக்காகவும் காத்திருக்காது. போனில் உன் குரல் அழுகிற மாதிரி இருந்தது. முப்பத்து மூன்று வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவள், "நான் போறேன், நீ சொல்லு" என்றேன். உன் அத்தா தன் சைக்கிள் கடையிலிருந்து ஒரு லேடீஸ் சைக்கிளை எடுத்து காற்றடித்துக் கொடுத்தார். விவசாய வேலைக்குத் தடையில்லை என்று சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் வழியில் போலீஸ்காரர் நிறுத்தினார். "எங்கம்மா போறீங்க இந்த நேரத்துல?" என்றார். என் பின்னால் வந்த ஏழுமலை, "சோளத்துக்கு கல்யாணம் சார், டீச்சர்தான் தரகு" என்றான். அவர் சிரித்துக்கொண்டே போகவிட்டார்.

வேலை கஷ்டமில்லை, நுணுக்கம். சோளத்தில் ஆண்பூ உச்சியில் கொண்டையாக வரும், பெண் நடுத்தண்டில் கதிராக வரும், கதிரின் நுனியில் பட்டு நூல் போல் வெளிவருவதுதான் மகரந்தத்தை வாங்கும். நூல் வெளியே தெரிவதற்கு முன்பே கதிருக்குச் சின்னக் காகிதப் பையைப் போர்த்த வேண்டும், காற்றில் வரும் அந்நிய மகரந்தம் விழாதபடி. எந்தச் செடியின் மகரந்தம் வேண்டுமோ அதன் கொண்டைக்கு முதல் நாளே பெரிய பை கட்டி, மறுநாள் வெயில் ஏறியதும் தட்டி எடுத்து, கதிரின் பையைத் திறந்து நூல்மேல் தூவி, உடனே மூடி, பையின்மேல் பென்சிலால் எழுத வேண்டும். உன் பழைய செடி இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு ஏழுமலை குள்ளி என்று பெயர் வைத்தான். மெக்சிகோக்காரி நெட்டை. உன் எண்கள் நீளமாக இருந்ததால் நீயும் போனில், "சரிம்மா, கு, நெ-ன்னே எழுதிக்க" என்று விட்டுவிட்டாய்.

நெட்டையைத் தையின் தொடக்கத்திலும் குள்ளியைப் பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவையாகவும் நீ விதைக்கச் செய்திருந்தாய், எப்படியாவது இருவரும் ஒரே வாரத்தில் பூக்கட்டும் என்று. அப்படியும் இழுபறிதான். "குள்ளி ரெடியா கீது டீச்சர். நெட்டச்சி இன்னும் வயசுக்கே வரல. பொண்ணு வூடு வந்து குந்திகினு கீது, மாப்ள வூட்டுக்காரங்க எங்க?" என்று தினமும் காலையில் ஏழுமலை வரப்பில் நின்று கத்துவான். உன்னைக் கேட்டேன். நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "எது கெடைக்குதோ அத பண்ணும்மா. குள்ளி கதிர்ல நெட்டை, நெட்டை கதிர்ல குள்ளி, ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கட்டும். பையில ரெண்டு பேரையும் எழுதி நடுவுல ஒரு பெருக்கல் குறி போட்ரு. நான் புரிஞ்சிக்குவேன்."

எது முதலில் என்று நீ சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. உன் தொழிலில் பெருக்கல் குறிக்கு இடப்பக்கம் எழுதுவது தாய், வலப்பக்கம் எழுதுவது தகப்பன். நீ அதை மூச்சு விடுவதுபோல் பழகியவன். மூச்சை எப்படி விடுவது என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. எனக்கும் ஒரு மூச்சு இருந்தது. முப்பத்து மூன்று வருடம் வருகைப்பதிவேட்டில் பெயர் எழுதியவள் நான். முதலில் அப்பாவின் தலைப்பெழுத்து, ஒரு புள்ளி, பிறகுதான் பிள்ளை. மாற்றுச் சான்றிதழில் அப்பா பெயர் மேல் வரியில், அம்மா பெயர் கீழ் வரியில். என் கை அப்படித்தான் ஓடும். குள்ளியின் கதிரில் நெட்டையின் மகரந்தத்தைத் தூவிவிட்டு, தகப்பனை முதலில் வைத்து நெ × கு என்று எழுதினேன். நெட்டையின் கதிரில் குள்ளியின் மகரந்தத்தைத் தூவிவிட்டு கு × நெ என்று எழுதினேன். ஒரு பையில் அல்ல, எல்லாப் பையிலும். ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை. கணக்கு டீச்சருக்கு எப்படி வரும்? மூன்றை ஐந்தால் பெருக்கினாலும் ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் ஒன்றுதான் என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவளுக்கு, பெருக்கல் குறிக்கு எந்தப் பக்கம் யார் நின்றால் என்ன?

கதிராகவே உனக்கு அனுப்பியிருந்தால் நீ பார்த்ததும் கண்டுபிடித்திருப்பாய். நெட்டையின் கதிர் சுண்டுவிரல் போல் இருக்கும், குள்ளியினுடையது புஷ்டியாக இருக்கும். நான் ஒழுங்காகச் செய்வதாக நினைத்து எல்லாவற்றையும் உதிர்த்து, தனித்தனிக் காகித உறையில் போட்டு, பையில் இருந்ததை அப்படியே உறைமேல் எழுதி அனுப்பினேன். பார்சல் கிடைத்த அன்று நீ கேட்டாய்: "இன்னாம்மா, கு பெருக்கல் நெ-ல வெத ரொம்ப பொடிப்பொடியா கீது?" நான் யோசிக்கவே இல்லை. "கெணத்துல தண்ணி கம்மியா இருந்துச்சுப்பா, கடைசித் தண்ணி பாய்ச்ச முடியல" என்றேன். தண்ணீர் கம்மியாக இருந்தது உண்மைதான். ஆனால் நீ கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. நெட்டை பெற்ற விதை, அதனால் பொடியாக இருந்தது. பதில் தெரியாதபோது தெரியாது என்று சொல்லியிருந்தால் நீ இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பாய். டீச்சர்களுக்கு இது ஒரு நோய். கேள்வி வந்ததும் ஏதாவது ஒரு பதில் வந்துவிட வேண்டும். இந்த நோய் உனக்கும் கொஞ்சம் இருக்கிறது. உன்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் கேள்வி கேட்டால் முதலில் "தெரியலையே, பாக்கலாம்" என்று சொல்லிப் பழகு.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்காக ஓர் உதாரணம். ஒரு டம்ளரில் பாதி டிகாக்‌ஷன், பாதி பால். அதில் பாதியைக் கொட்டிவிட்டு மறுபடி பால் ஊற்று. மறுபடி பாதியைக் கொட்டி, பால் ஊற்று. ஐந்தாறு தடவை செய்தால் டிகாக்‌ஷனின் சாயல்தான் மிஞ்சும், கிட்டத்தட்ட முழுவதும் பால். நீ செய்ததும் அதுதான். நெட்டையும் குள்ளியும் சேர்ந்த செடியை எடுத்து, தலைமுறைக்குத் தலைமுறை அதன் கதிரில் குள்ளியின் மகரந்தத்தையே தூவிக்கொண்டு வந்தாய். உயரம் போனது, தாமதம் போனது, சின்னக் கதிர் போனது. தண்டின் வலு மட்டும் நிற்கும்படி ஒவ்வொரு தடவையும் பொறுக்கி எடுத்தாய். ஆனால் டம்ளர்? எத்தனை தடவை கொட்டி ஊற்றினாலும் டம்ளர் மாறுவதில்லை. அது முதல் தாயினுடையது. நீங்கள் அதை சைட்டோபிளாசம் என்பீர்கள். தாய் வழியாக மட்டும் வரும், தகப்பன் வழியாக வராது. உன் பதிவேட்டில் டம்ளர் குள்ளியுடையது என்று இருக்கிறது. குள்ளிதான் தாய் என்று நம்பி நீ எடுத்தது கு × நெ உறை. அது நெட்டையின் டம்ளர்.

நெட்டையின் டம்ளர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. குள்ளியுடையதைவிட நல்லதாகக்கூட இருக்கலாம். யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் முன்பு எல்லாரும் ஒரே தாய்வழிச் சோளத்தையே போட்டு, அந்தத் தாய்வழியைத் தேடி வரும் இலைநோய் ஒன்று வந்தபோது வயல் வயலாகக் கருகியதை நீதான் எனக்குச் சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் கை தட்டின்மேல் அப்படியே நின்றது. உன் சோதனை வயல்களில் இது நன்றாக வந்திருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் நீ சோதித்தபோது குள்ளியின் டம்ளர் என்று நம்பி, அதற்குக் கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் கேட்டிருப்பாய். நெட்டையிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. நான்கு வரிசையில் தெரியாதது நாற்பது ஊரில் தெரியும்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நீ கேட்பாய். நீயேதான் சொன்னாய், தெரியாமல். நஸ்ரீனின் கல்யாணப் பத்திரிகை அச்சகத்திலிருந்து போனுக்கு வந்த அன்று நினைவிருக்கிறதா? மணமகள் பெயருக்கு முன்னால் அச்சகத்துப் பையன் அத்தாவின் எழுத்துக்குப் பதிலாக என் எழுத்தைப் போட்டிருந்தான். அத்தா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "இன்னாடா இது, பொண்ணுக்கு அத்தா நானா இவளா?" என்றார். நீ ஸ்பீக்கரில் இருந்தாய். "இருக்கட்டும் அத்தா. எங்க வயல்ல அம்மா பேருதான் முதல்ல. அப்பா பேரு பெருக்கலுக்கு அப்புறம்தான்" என்றாய். "அப்ப உங்க சோளத்துக்கு எந்த ஜமாத்துல நிக்காஹ் பதிவு பண்ணுவாங்க?" என்றார் அத்தா. நஸ்ரீன் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

பிறகு பீரோவில் என் பழைய பாடக்குறிப்பு நோட்டைத் தேடி எடுத்தேன். பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் அந்த நாட்களில் தினமும் செய்ததை எழுதி வைத்திருந்தேன். "இன்று நெட்டையின் ஒன்பது கதிரில் குள்ளியின் மகரந்தம். பையில் கு × நெ." என் கையெழுத்து, குண்டு குண்டாக, ஒரு அடித்தல் இல்லாமல். என் பிள்ளைகள் இப்படி ஒரு தவறைச் செய்திருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

அந்த நோட்டை மூடியபோது எனக்கு ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. எட்டாம் வகுப்பு. அப்பா விட்டுவிட்டுப் போய், அம்மா தனியாக மீன் விற்று வளர்த்த பெண். "டீச்சர், பேருக்கு முன்னாடி எங்கம்மா எழுத்த போடுங்க டீச்சர்" என்று பதிவேட்டின் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்டியெல்லாம் வழக்கம் இல்லம்மா, போய் உக்காரு" என்றேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னேன். அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். இப்போது அரசாங்கமே போடலாம் என்கிறது. நான் கோவளத்தில் பிறந்தவள், மீன் கூடையை யார் சுமக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், கேள்வி என் முன்னால் வந்து நின்றபோது, வழக்கத்தைப் பார்த்தேன், அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. வயலிலும் அதையேதான் செய்திருக்கிறேன். நான் எழுதியது சரியா என்று இன்னொருவரைக் கேட்கத் தோன்றாததுதான் என் பெரிய தவறு. சின்னத் தவறுகள் எல்லாம் அதற்குள்ளிருந்துதான் வந்தன.

முதலில் அத்தாவிடம் சொன்னேன். அவர் கடையில் ஒரு சக்கரத்தின் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, சக்கரத்தை ஒரு தடவை சுற்றிவிட்டார். "இத்தினி வருஷமா எல்லா ஊர்லயும் நல்லாத்தானே வந்துகினு கீது? இப்ப போயி இன்னாத்துக்கு பேஜாரு? பையனுக்கு இப்பதான் ஆபீஸ்ல மருவாத வந்து கீது. ஒன்னால அவன் தலை குனியணுமா?" என்றார். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அன்று முழுவதும் எனக்கும் அது சரி என்றே பட்டது. அவர் சொன்னதை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வாரம் ஓட்டினேன்.

நிக்காஹ் முடிந்த மறுநாள் எல்லாரும் கோவளத்துக்குப் போனோமே, படகுகளுக்குப் பக்கத்தில் நீயும் நானும் மட்டும் நின்றோம். வாயைத் திறந்துவிட்டேன். "ஜாபர், அந்த சோளம்..." என்று தொடங்கினேன். நீ என் தோளில் கை போட்டு, "திங்கக்கெழம சைன் பண்றேம்மா. ஃபைல்ல உன் பேரு போட முடியாது. ஆனா அது உன் கையில பொறந்ததுன்னு எனக்குத் தெரியும்" என்றாய். "காத்து அதிகமா கீது, வா போலாம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அந்த வாக்கியத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. காற்று அடித்தது உண்மைதான் என்றாலும்.

நீ கிளம்பிப் போன பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு ஏழுமலையிடம் போனேன். ஒருவேளை நான் எழுதியது தவறி, செய்தது வேறாக இருக்குமோ என்ற நப்பாசை. அவன் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். ஒன்பது கதிர் என்று நான் படித்துக் காட்டியதும் சிரித்துவிட்டான். "மறக்குமா டீச்சர்? நெட்டச்சி கதிர புடிக்க ஸ்டூலு போட்டு ஏறினீங்களே. நான் ஒரு கையால ஸ்டூல புடிச்சிகினு, இன்னொரு கையால கொடைய புடிச்சிகினு... ஒம்போது தபா ஏறி ஒம்போது தபா எறங்கினீங்க." எனக்கு இருந்த கடைசி நப்பாசையும் போனது. நடந்ததை அவனுக்குச் சொன்னேன். டம்ளர் கதையையும் சொன்னேன். அவன் பீடியை அணைத்துவிட்டு, "உங்க பையன் சோளம் வந்தா ரெண்டு ஏக்கர்ல அதான்னு சொல்லி வச்சி கீறேன் டீச்சர். நெல்ல வுட்டுட்டேன் இந்த வருசம். இப்ப அது போட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டான். "தெரியாது ஏழுமலை" என்றேன். அன்றுதான் நான் அந்த வார்த்தையைச் சரியான இடத்தில் சொன்னேன். "நல்லா வரலாம். வராமலும் போகலாம். யாரும் பாத்ததில்ல."

அவன் தன் நிலத்தைக் கையால் காட்டினான். "தெரியாதுன்றத தெரியாதுன்னு சொல்லி குடுத்தா நான் அர ஏக்கர்ல போட்டுப் பாப்பேன். தெரியும்னு சொல்லி குடுத்தா ரெண்டு ஏக்கரும் போட்ருவேன். அவ்ளோதான் டீச்சர் வித்தியாசம்" என்றான். இதைவிடத் தெளிவாக உன் அலுவலகத்தில் யாரும் சொல்ல முடியாது. அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

உன் மேலதிகாரிக்கு ஒரு வார்த்தை. ஐயா, இதைப் படித்ததும் "அப்பவே சொன்னேன், வெளிநாட்டுச் சரக்கு வேணாம்னு" என்று சொல்லத் தோன்றும். தயவுசெய்து சொல்லாதீர்கள். நெட்டை எந்தத் தவறும் செய்யவில்லை. அவள் கொண்டுவந்த தண்டு வலு நிஜம். அதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். பெயரை மாற்றி எழுதியவள் நான். இந்தத் தவறு உள்ளூர்ச் சோளத்துக்கும் நடந்திருக்கும். சந்தேகம் இருந்தால் செடியின் ஓர் இலையை உங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுங்கள்; தாய் யார் என்று இலையே சொல்லும் என்று என் மகன் முன்பு சொல்லியிருக்கிறான். நான் நெ × கு என்று எழுதிய உறையும் உங்கள் குளிரறையில் எங்கோ இருக்கும். உண்மையில் குள்ளி பெற்ற விதை அதுதான். இல்லையென்றால் இப்போது கையில் இருக்கும் செடியைத் தகப்பனாக வைத்து, குள்ளியைத் தாயாக வைத்து மறுபடி தொடங்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று வருடம் பின்னால் போகும். அல்லது நெட்டையின் டம்ளரையே சோதித்துப் பார்த்து, நல்லது என்றால் அதன் பெயரைச் சரியாக எழுதி வெளியிடலாம். எது சரி என்று எனக்குத் தெரியாது. அது உங்கள் தொழில்.

ஜாபர், உனக்குச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இதைச் சொன்னால் உன் பதவி உயர்வு போகலாம், நீ சேர்த்த மரியாதை குறையலாம், நெட்டை போன்ற அடுத்த செடியைத் தொட உன்னை விடமாட்டார்கள். இந்த மூன்றும் நடக்கலாம் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். நடக்காது என்று உனக்கு ஆறுதல் சொன்னால் அது மறுபடி கிணற்றில் தண்ணீர் கம்மி என்று சொல்வதுபோல் ஆகிவிடும். உன்னைப் பெற்றவளால் உன் தலை குனிகிறது. அதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது அப்படித்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அறிக்கையில் "ஊரடங்கின்போது தற்காலிக உதவியாளர் செய்த பிழை" என்று எழுதி என்னைப் பூசி மெழுகாதே. பதிவேட்டைச் சரிபார்க்காதது உன் பிழை என்று நீயும் உன் பங்கை எழுது. விதை ஏன் பொடியாக இருக்கிறது என்று கேட்டாய் அல்லவா, அந்தக் கேள்வி சரியான கேள்வி. அதை ஒரே பதிலோடு விட்டதுதான் உன் பங்கு. அம்மா சொன்னாள் என்பதால் விட்டாய். இனி யார் சொன்னாலும் விடாதே.

இந்தக் கடிதத்தைத் தபாலில் அனுப்பினால் திங்கட்கிழமைக்கு முன் வந்து சேராது. போனில் சொன்னால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ மீதியைக் கேட்காமல் என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவாய். அதனால் நாளை மதிய ரயிலில் நானே கொண்டு வருகிறேன். அத்தாவும் வருகிறார், முதலில் கோபித்துக்கொண்டார், பிறகு அவராகவே பையை எடுத்து வைத்தார். ஞாயிறு காலை உன் வீட்டு வாசலில் நிற்போம். நீ பதறிப்போய் என்ன ஆச்சு, யாருக்கு உடம்பு சரியில்லை என்பாய். நான் எதுவும் பேசாமல் இந்தத் தாள்களை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வேன். இந்த வரியை நீ படிக்கும்போதும் எதிரேதான் உட்கார்ந்திருப்பேன்.

என்னை நிமிர்ந்து பார்க்காதே. பார்த்தால் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்காருவாய், என் கையைப் பிடிப்பாய், பரவாயில்லம்மா என்பாய். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம் மூன்று பேருக்கும் தோன்றிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் உன் அதிகாரி எடுப்பார். முதலில் போனை எடு.